அலுவலக வளாகத்தில் மின்வாகன சார்ஜர்: பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி இது: கோவையில் சொந்தக் கட்டடத்தில் அலுவலகம், தரைத்தளமும் இரண்டு மாடியும். ஊழியர்கள் எண்பது பேர். கார் நிறுத்த 20 இடம், டூவீலருக்குத் தனி ஷெட். மூன்று ஃபேஸ் கமர்ஷியல் இணைப்பு, சாங்ஷன் லோடு (இபி அனுமதித்த உச்ச அளவு) 60 கிலோவாட். ஊழியர்களுக்கும் வந்துபோகிற வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து நான்கு கார் சார்ஜர், பத்து ஸ்கூட்டர் பாயிண்ட் போட வேண்டும். விற்பனையாளர் 22 கிலோவாட் சார்ஜர் நான்கு எடுக்கச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலை, அந்த 22 கிலோவாட் கொட்டேஷனை ஓரமாக வைப்பது.

சுவரில் மாட்டும் ஏசி சார்ஜர் உண்மையில் சார்ஜரே இல்லை. அதற்குள் இருப்பது ஒரு கான்டாக்டர் (தானியங்கி ஸ்விட்ச்), கசிவைக் கவனிக்கும் சர்க்யூட், காரோடு பேசும் ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். ஏசியை டிசியாக மாற்றி பேட்டரிக்குள் அனுப்பும் கருவி காருக்குள் இருக்கிறது. அது எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் ஏறும். டாடா நெக்ஸான் ஈவி ஏசியில் அதிகபட்சம் 7.2 கிலோவாட் வாங்கும், அதுவும் ஒரே ஃபேஸில். மஹிந்திராவின் பிஇ 6 போன்ற புதிய கார்கள் 11.2 வரை போகின்றன. 22 கிலோவாட் பெட்டியில் நெக்ஸானைச் செருகினால் மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் 32 ஆம்பியர் கொடுக்கும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். நீங்கள் மட்டும் 22-க்கான பெட்டிக்கும் கேபிளுக்கும் பிரேக்கருக்கும் பணம் கொடுத்திருப்பீர்கள். நான்கு பெட்டி சேர்த்தால் 88 கிலோவாட், உங்கள் சாங்ஷன் லோடே 60. கணக்கு அங்கேயே உடைகிறது.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியம். ஊழியர் ஒருவர் தினமும் போக வர 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வையுங்கள். நம் ஊர் மின்கார்கள் ஒரு யூனிட்டில் ஆறு முதல் ஏழு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் நாளுக்கு 7 யூனிட் போதும். கார் காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஆறுக்குத்தான் போகிறது. 16 ஆம்பியரில், அதாவது சுமார் 3.7 கிலோவாட்டில், இரண்டு மணி நேரத்தில் அந்த 7 யூனிட் ஏறிவிடும். மீதி ஏழு மணி நேரம் கார் சும்மாதான் நிற்கும். அலுவலகத்தில் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. எத்தனை வண்டி ஒரே சமயத்தில் செருகி நிற்க முடியும் என்பதுதான் பிரச்சினை. ஆகவே குறைந்த ஆம்பியர், நிறைய பாயிண்ட்.

உங்கள் இடத்துக்கு ஏற்றது: 7.4 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் பெட்டி ஆறு. எல்லாம் ஒரே மாடல், ஓசிபிபி 1.6 (பெட்டியும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது மொழி) ஆதரிப்பது, டைப் 2 (கார் பிளக் வகை) சாக்கெட் அல்லது 5 மீட்டர் கேபிளுடன் வருவது. இவற்றில் நான்கு ஊழியர்களுக்கு, மென்பொருளில் 16 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தியது. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு, முழு 32 ஆம்பியர். ஸ்கூட்டர் ஷெட்டில் பத்து 16 ஆம்பியர் சாக்கெட். ஏதர், ஹீரோ விடா வண்டிகள் பயன்படுத்தும் கனெக்டர் 2023-ல் ஐஎஸ் 17017 வரிசையில் இந்தியத் தரமாகவே ஏற்கப்பட்டது. ஆனாலும் ஊழியர்களிடம் பல கம்பெனி ஸ்கூட்டர் இருக்கும், எல்லோரிடமும் பொதுவாக இருப்பது வண்டியோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரும் மூன்று முள் பிளக்கும்தான். ஷெட்டுக்குச் சாக்கெட்டே நல்லது.

டிசி ஃபாஸ்ட் சார்ஜர் உங்களுக்குத் தேவையில்லை. 60 கிலோவாட் டிசி பெட்டி ஒன்று ஃபேஸுக்கு ஏறத்தாழ 90 ஆம்பியர் இழுக்கும். அது ஒன்றே உங்கள் மொத்த லோடைத் தின்றுவிடும். அது நெடுஞ்சாலை ஓட்டல்காரர்களுக்கானது. அங்கே வாடிக்கையாளர் சாப்பிட்டு எழும் அரை மணியில் காருக்கு 150 கிலோமீட்டர் ஏற வேண்டும்.

இனி லோடு. இதைச் செய்யாமல் ஒரு மீட்டர் கேபிள்கூட வாங்க வேண்டாம். கடந்த 12 மாத இபி பில்லை எடுத்து, அதில் பதிவான அதிகபட்ச டிமாண்டைப் பாருங்கள். பில்லில் இல்லையென்றால் மீட்டரின் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் எம்டி என்று காட்டும். ஏப்ரல், மே மாத எண்தான் கணக்கு, ஏனென்றால் ஏர் கண்டிஷனர் எல்லாம் ஓடும் மாதங்கள் அவை. முடிந்தால் மெயின் பேனலில் ஒரு வாரம் லோடு லாகர் மாட்டி மூன்று ஃபேஸையும் (ஆர், ஒய், பி) தனித்தனியே பதிவு செய்யுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் ஆர் ஃபேஸ் மட்டும் வழிந்துகொண்டிருக்கும் கட்டடங்கள் நிறைய.

ஓர் எடுத்துக்காட்டு. கோடையில் உங்கள் உச்சம் 44 கிலோவாட் என்று வைத்தால் மிச்சம் 16. மேலே சொன்ன ஆறு பெட்டியும் பத்து சாக்கெட்டும் ஒரே நேரத்தில் முழுதாக ஓடினால், ஸ்கூட்டர் ஒன்றுக்கு 4 ஆம்பியர் வைத்து, சுமார் 39 கிலோவாட். வழி இரண்டு. ஒன்று, லோடு கூட்டக் கேட்டு மனுப்போடுவது. இன்னொன்று, லோடு மேனேஜ்மென்ட். மெயின் இன்கமரில் மூன்று சிடி (கரன்டை அளக்கும் வளையம்) மாட்டி, கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்று நொடிக்கு நொடி பார்த்து, மிச்சம் இருப்பதை மட்டும் கார் பெட்டிகளுக்குப் பங்கிடும் கன்ட்ரோலர் கிடைக்கிறது. காரைப் பொறுத்தவரை குறைந்தபட்சம் 6 ஆம்பியர். அதற்குக் கீழே போனால் தரப்படி சார்ஜ் நின்றுவிடும், வரிசையில் காத்திருக்கும். 16 கிலோவாட் மிச்சத்தை எட்டு மணி நேரத்தால் பெருக்கிப் பாருங்கள்: 128 யூனிட். ஒரு காருக்கு 7 யூனிட் என்றால் 18 கார். லோடே கூட்டாமல் உங்கள் பார்க்கிங் கிட்டத்தட்ட முழுவதற்கும் போதுகிற மின்சாரம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இதைச் சொல்லித்தரும் விற்பனையாளர் குறைவு, ஏனென்றால் இதில் பெரிய பெட்டி விற்காது.

வீட்டு வயரிங்கில் எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் எரியாது என்று கழித்துக் கணக்குப் போடுவார்கள். சார்ஜருக்கு அந்தக் கழிவு கிடையாது. காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒன்றாகச் செருகுவார்கள். லோடு மேனேஜ்மென்ட் இல்லாவிட்டால் முழு 39-க்கும் கேபிளும் பிரேக்கரும் போட்டே ஆக வேண்டும்.

இணைப்பு பற்றி. ஊழியர்களுக்கு உங்கள் இருக்கிற இணைப்பிலிருந்தே சார்ஜ் கொடுக்கலாம். அலுவலகத்திலும் வீட்டிலும் உள்ள இணைப்பைக் கொண்டே வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. வெளியாருக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தாலும் மின்சாரம் விற்கும் உரிமம் வேண்டியதில்லை. சார்ஜ் ஏற்றுவது ஒரு சேவை, மின் விற்பனை அல்ல என்று 2018 ஏப்ரலிலேயே அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் கமர்ஷியல் கட்டணத்தில் வாங்கி வெளியாருக்குக் கொடுத்தால் கையைக் கடிக்கும். மின்வாகனத்துக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. 2024 மத்திய வழிகாட்டுதல் காலை 9 முதல் மாலை 4 வரை சூரிய நேரமாக வைத்து, சராசரி வழங்கல் செலவில் 0.7 பங்கும், மற்ற நேரத்தில் 1.3 பங்கும் என்று வகுத்திருக்கிறது. மாநிலத்தில் இன்றைய விலை என்ன என்பதை ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு ஆணையைப் பார்த்தோ, உங்கள் செக்ஷன் ஏஇயிடம் (இபி உதவிப் பொறியாளர்) கேட்டோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகச் சார்ஜிங் முழுக்கப் பகலில் நடக்கிறது என்பதால் இந்தப் பிரிவு உங்களுக்குச் சாதகம். வாடிக்கையாளர் பயன்பாடு கூடுமென்று தோன்றினால் தனி மீட்டர் கேட்பதே சரி. கூரையில் சோலார் இருந்தால் மட்டும் ஊழியர் பெட்டிகளைப் பழைய இணைப்பிலேயே வையுங்கள்.

கொட்டேஷனில் ஒன்றைக் கவனியுங்கள். சார்ஜருக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். கேபிள், பேனல், வேலைக்கூலிக்கு 18. எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு 18 வாங்குபவரிடம் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

வயரிங்தான் இந்த வேலையின் உடல். பெட்டியில் கெட்டுப்போவது குறைவு, கெடுவதெல்லாம் அதற்கு முன்னால் இருப்பவை.

மெயின் பேனலிலிருந்து தனி ஃபீடர் (தனி மெயின் கேபிள்) எடுத்து, பார்க்கிங்கில் ஈவி டிபி (சர்க்யூட்டுகளைப் பிரிக்கும் போர்டு) ஒன்று வையுங்கள். இருக்கிற ஏதாவது டிபியில் காலி வே இருக்கிறதே என்று அதில் தட்டிவிடுவதுதான் பாதிப் பிரச்சினைகளுக்கு வேர். ஃபேஸ் பங்கீடு இப்படிப் போகலாம். ஆர்: வாடிக்கையாளர் பெட்டி ஒன்று 32, ஊழியர் பெட்டி ஒன்று 16, ஸ்கூட்டர் இரண்டு, ஒன்றுக்கு 4 ஆம்பியர் வீதம் 8. மொத்தம் 56. ஒய்: அதேபோல் 56. பி: ஊழியர் பெட்டி இரண்டு 32, ஸ்கூட்டர் ஆறு 24, மொத்தம் 56. மூன்றும் சமம். இப்படிக் காகிதத்தில் எழுதி எலக்ட்ரீஷியன் கையில் கொடுக்காவிட்டால், கைக்கு வசதியான ஃபேஸில் ஆறையும் கட்டிவிட்டுப் போவார். பிறகு மூன்று ஃபேஸ் பெட்டி போட நேர்ந்தாலும் இதே எச்சரிக்கை உண்டு. பெட்டிகளின் எல்1 முனையை ஒன்றில் ஆர், அடுத்ததில் ஒய், அடுத்ததில் பி என்று சுழற்றிக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கட்டினால் சிங்கிள் ஃபேஸ் கார்கள் அத்தனையும் ஆர் ஃபேஸிலேயே தொங்கும்.

ஃபீடர் கேபிளுக்கு நம் ஊரில் பழக்கதோஷமாக எடுப்பது மூன்றரை கோர் அலுமினியம். அதில் நியூட்ரல் பாதி அளவு. மோட்டார் லோடுக்கு அது சரி. சார்ஜர்கள் சிங்கிள் ஃபேஸ். ஒரு ஃபேஸில் உள்ள கார்கள் மட்டும் ஓடும்போது அந்த ஃபேஸின் கரன்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பும். முழு நியூட்ரலுள்ள நான்கு கோர் கேபிளே வேண்டும். உங்கள் 56 ஆம்பியருக்கு 4 கோர் 35 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் ஆர்மர்டு போதும். 25 போட்டாலும் ஓடும். ஆனால் குழாய்க்குள், வெயிலில், மணிக்கணக்கில் ஓடும் லோடுக்கு ஒரு படி மேலே போவது புத்தி. மெயின் பேனல் பக்கம் 80 ஆம்பியர் நான்கு போல் எம்சிசிபி (பெரிய பிரேக்கர்) வாங்கி 63-ல் செட் செய்யுங்கள்.

டிபியிலிருந்து பெட்டிக்கு செம்பு. 32 ஆம்பியரில் 6 ஸ்கொயர் எம்எம் செம்பு 25 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 6 வோல்ட் இறங்கும், இரண்டரை சதவீதம், பரவாயில்லை. 40 மீட்டர் என்றால் 9 வோல்ட்டைத் தாண்டும். அங்கே 10 ஸ்கொயர் எம்எம் போடுங்கள். மாலையில் லைன் வோல்டேஜ் 200-ஐத் தொடும் பகுதிகளில் இந்த 9 வோல்ட்தான் சார்ஜ் நிற்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம். பல பெட்டிகள் 180-க்குப் பக்கத்தில் வந்ததும் தாமாகவே நின்றுவிடும். அலுமினியக் கேபிளை நேராகப் பெட்டியின் டெர்மினலில் திணிக்காதீர்கள். சில மாதத்தில் அது தளர்ந்து சூடாகிக் கருகும். அலுமினியம் டிபியோடு நிற்கட்டும், அங்கேயும் சரியான லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் கவ்வி) போட்டு கிரிம்ப் செய்யட்டும். பிளையரால் நசுக்கிய லக் தெரிந்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனி சர்க்யூட், தனி பிரேக்கர், தனிக் கசிவுப் பாதுகாப்பு. இது என் விருப்பம் இல்லை, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. 32 ஆம்பியர் பெட்டிக்கு 40 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி. 32-லேயே 32 போட்டால் மே மாத வெயிலில் தகரப் பெட்டிக்குள் அது சூட்டிலேயே ட்ரிப் ஆகி விழும். கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச்), நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது, குறைந்தது டைப் ஏ.

டைப் விஷயத்தில் சற்று நிற்க வேண்டும், இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் டைப் ஏசி. அதற்கு மாறு மின்கசிவு மட்டுமே தெரியும். காருக்குள் ஏசியை டிசியாக்கும் சர்க்யூட் பழுதானால் கசிவது சீரான டிசி. அது ஆர்சிசிபியின் உள் கோரை நிறைத்து மரத்துப்போகச் செய்துவிடும். அதற்குப் பிறகு ஒருவர் ஷாக் வாங்கினாலும் அது விழாது. டெஸ்ட் பட்டனை அழுத்தும்போது மட்டும் ஒழுங்காக விழுந்து நம்மை ஏமாற்றும், ஏனென்றால் அப்போது கார் செருகியிருக்காது. இதனால்தான் பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டு துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். இருந்தால் வெளியே டைப் ஏ போதும். இல்லையென்றால் டைப் பி வேண்டும், அது ஒன்றே பல மடங்கு விலை. சில பெட்டிகள் மலிவாக வருவதற்குக் காரணமும் இந்த வசதி இல்லாததுதான். ஃபீடரின் மேல்பக்கத்தில், மெயின் பேனலில், ஏற்கெனவே டைப் ஏசி ஆர்சிசிபி இருந்தாலும் பயனில்லை, அதுவும் மரத்துப்போகும். ஈவி ஃபீடரை அதற்கு முன்னாலிருந்தே பிரித்து எடுங்கள்.

செலவு மிச்சம் பிடிக்க நான்கு பெட்டிக்கும் பொதுவாக ஒரே ஆர்சிசிபி போடுவது இன்னொரு வழக்கம். ஒவ்வொரு காரின் ஃபில்டரும் இயல்பாகவே சில மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசியவிடும். நான்கு சேரும்போது 30-ஐ நெருங்கி, பழுது எதுவுமில்லாமல் விழும். விழும்போது நான்கு காரும் நிற்கும். யாரால் விழுந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஸ்கூட்டர் சாக்கெட்டுக்கும் இதேதான், பத்துக்கும் பத்து 16 ஆம்பியர் ஆர்சிபிஓ (பிரேக்கரும் கசிவுப் பாதுகாப்பும் ஒன்றாக இருப்பது). ஒரே 32 ஆம்பியர் எம்சிபியில் பத்து சாக்கெட் என்றால் பத்தும் ஓடும்போது 40 ஆம்பியர். மலிவு சாக்கெட் வேண்டாம். வீட்டில் கீசருக்குப் போடும் பவர் பிளக் பத்து நிமிடம் ஓடி ஓய்வெடுக்கும். இங்கே மூன்று நான்கு மணி நேரம் ஒரே மூச்சாக ஓட வேண்டும், தினமும் செருகிப் பிடுங்கவும் வேண்டும். பிடி தளர்ந்த சாக்கெட் முதலில் மஞ்சளாகும், பிறகு உருகும். நல்ல கம்பெனி 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர், வருடம் ஒருமுறை சாக்கெட் மாற்றம். தரையிலிருந்து 800 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இரண்டும் விதியில் உள்ளவை.

எர்த். சார்ஜர் போட்ட மறுநாள் வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். கார் செருகியதும் பெட்டி சிவப்பு விளக்குக் காட்டி எர்த் ஃபால்ட் என்கிறது, விற்பனையாளர் பெட்டியை மாற்றித் தருகிறார், புதுப் பெட்டியும் அதையே சொல்கிறது. பெட்டியில் கோளாறில்லை, எர்த்தில்தான் கோளாறு. பழைய கட்டடங்களில் எர்த் வயர் சாக்கெட் வரை வந்திருக்கும், எர்த் பிட்டில் (எர்த் புதைத்த குழி) போய்ச் சேர்ந்திருக்காது. அல்லது பிட்டில் உள்ள ஜி.ஐ. பைப் துருத்தின்று போயிருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், லோடு ஓடும்போது 2 அல்லது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெட்டியை மாட்டுவதற்கு முன்பே காரணத்தைத் தேடுங்கள். ஈவி டிபிக்கு இரண்டு தனிப் பிட், 3 மீட்டர் செம்பு பூசிய ராடு. பாறை மண்ணில் கரியும் உப்பும் கொட்டி நீர் ஊற்றுவது ஒரு கோடையைக்கூடத் தாங்காது, பென்டோனைட் போன்ற நிரப்பியே நிற்கும். இந்தப் பிட்களைக் கட்டடத்தின் மெயின் எர்த்தோடு கட்டாயம் இணையுங்கள். தனியாக விட்டால் இடி இறங்கும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே ஏறும் வித்தியாசம் பெட்டியின் போர்டைத்தான் தேடி வரும். எர்த் ரெசிஸ்டன்ஸை மழைக்காலத்தில் அளந்து மகிழ வேண்டாம். ஏப்ரலில் அளந்து 5 ஓமுக்குள் வந்தால் அதுதான் உண்மையான எண். டிபியில் டைப் 2 எஸ்பிடி (இடியால் வரும் வோல்டேஜ் பாய்ச்சலைத் தடுப்பது) ஒன்று வையுங்கள். மொட்டை மாடியில் இடிதாங்கி இருந்தால் டைப் 1+2.

ஜெனரேட்டரை இந்த லோடு தொடக்கூடாது. கரன்ட் போய் டிஜி ஓடும்போது ஆறு கார் அதில் ஏறிக்கொண்டால் டிஜி திணறி மொத்த அலுவலகமும் இருட்டாகும். டீசலில் காருக்குச் சார்ஜ் ஏற்றுவது வேடிக்கையும்கூட. ஏஎம்எஃப் பேனலுக்கு (கரன்ட் போனால் டிஜியைத் தானே ஓட்டுவது) முன்னால், இபி வந்தால் மட்டும் உயிர்பெறும் ரா பவர் பஸ்பாரில் ஃபீடரை எடுங்கள். இடமில்லையென்றால், டிஜி ஓடும் சிக்னல் வந்ததும் ஈவி ஃபீடரைத் துண்டிக்கும் ஒரு கான்டாக்டர். கரன்ட் திரும்பியதும் எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் எழாமல், சில நொடி முன்பின்னாக எழும்படி அமைப்பில் செட்டிங் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

எங்கே மாட்டுவது? முடிந்தவரை மெயின் பேனலுக்குப் பக்கத்துச் சுவரில். ஆனால் அதைவிட முக்கியம், கார் நின்றால் அதன் செருகுமிடம் பெட்டியிலிருந்து 5 மீட்டருக்குள் வர வேண்டும். நெக்ஸானுக்குச் செருகுமிடம் பின்பக்கம், எம்ஜி இசட்எஸ் ஈவிக்கு முன் கிரில்லில். இரண்டு பார்க்கிங் கோட்டுக்கு நடுவில் ஒரு பெட்டி வைத்தால் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ கார் விட்டால் போதும், எட்டிவிடும். பெட்டிக்கு முன் வீல் ஸ்டாப்பர் வேண்டும். தனித் தூணில் மாட்டினால் கான்கிரீட் நிரப்பிய 100 மில்லிமீட்டர் பைப் ஒன்றைக் காவலுக்கு நடுங்கள். இது இல்லாத இடத்தில் முதல் மாதத்திலேயே ரிவர்ஸில் இடிப்பார்கள். திறந்தவெளியென்றால் ஐபி 54-க்குக் (தூசு, தண்ணீர் தாங்கும் தர எண்) குறையாத பெட்டி, மேலே ஒரு சின்ன ஷீட் நிழல். மழையை விட மேற்கு வெயில்தான் டிஸ்ப்ளேயையும் எலக்ட்ரானிக்ஸையும் கொல்கிறது.

கேபிள் வாகனம் ஓடும் இடத்தைக் குறுக்கே கடந்தால் முக்கால் மீட்டர் ஆழம், டிடபிள்யூசி பைப் (இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் குழாய்), மணல், மேலே செங்கல், எச்சரிக்கை டேப். பள்ளம் தோண்டும் அன்றே இன்னொரு 110 மில்லிமீட்டர் காலிப் பைப்பை உள்ளே இழுப்புக் கயிறோடு போட்டு மூடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பாயிண்ட் கூட்டும்போது பேவர் பிளாக் பெயர்ப்பதை அது மிச்சப்படுத்தும்.

ஸ்கூட்டர் ஷெட் படிக்கட்டுக்கு அருகே இருந்தால் இடம் மாற்றுங்கள். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே மின்ஸ்கூட்டர் ஷோரூம், மேலே தங்கும் விடுதி என்றிருந்த கட்டடத்தில், கீழே பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியே மேலேறி எட்டுப் பேர் இறந்தார்கள். பேட்டரி தீப்பிடிப்பது அபூர்வம்தான். பிடித்தால் புகை போகும் வழியும் மனிதர்கள் ஓடும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது. திறந்த காற்று, ஷெட்டுக்கு வெளியே கை எட்டும் இடத்தில் மொத்தத்தையும் துண்டிக்கும் எமர்ஜென்சி ஸ்விட்ச், பக்கத்தில் தண்ணீர் இணைப்பு. லித்தியம் பேட்டரியை அடக்குவது பவுடர் அல்ல, நிறையத் தண்ணீர், அதுவும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு.

சிம் கார்டு சிக்னலைப் பெட்டி மாட்டும் சுவரில் நின்று உங்கள் போனில் பாருங்கள். அடித்தளத்தில் சிக்னல் இல்லாமல் ஆப் திறக்காது, ஆப் திறக்காமல் சார்ஜ் தொடங்காது. ஊழியர்களுக்கு ஆர்எஃப்ஐடி கார்டு கொடுத்து, அந்த எண்களைப் பெட்டிக்குள்ளேயே பதிந்துவைக்கச் சொல்லுங்கள், நெட் இல்லாதபோதும் ஓடும். ஓசிபிபியை வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. கம்பெனி ஆப்பை மூடிவிட்டால் வேறொரு சர்வருக்குப் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். பூட்டிய மென்பொருளென்றால் பெட்டி சுவரில் தொங்கும் அலங்காரம்.

வேலையை ஒப்புக்கொள்ளும் நாளில் லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும், அதில் எண்கள் இருக்க வேண்டும். ‘ஓகே’ என்று எழுதினால் வாங்காதீர்கள். 500 வோல்ட் மெக்கரில் இன்சுலேஷன் குறைந்தது 1 மெகா ஓம், புதுக் கேபிளில் அது பல மடங்கு வர வேண்டும். ஆர்சிடி டெஸ்டரில் சோதித்தால் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்கு 300 மில்லி செகண்டுக்குள்ளும், ஐந்து மடங்குக்கு 40-க்குள்ளும் விழ வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு சாக்கெட்டிலும் பார்க்க வேண்டும். பிறகு ஆறு பெட்டியிலும் நிஜக் கார்களைச் செருகி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தெர்மல் கேமராவில் டிபியைத் திறந்து பாருங்கள். மற்றவற்றை விட ஒரு டெர்மினல் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து எல்லா டெர்மினலையும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் மறுபடி இறுக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். செம்பு கொஞ்சம் அமரும், முதல் மாதத்தில்தான் அதிகம் தளரும். டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஃபைலில் வையுங்கள்.

டிபிக்குள் வரும் எல்லாக் கேபிள் துளையும் கிளாண்ட் போட்டு அடைத்திருக்க வேண்டும். சூடான பெட்டிக்குள் பல்லி குடியேறுவதும், அது பஸ்பாருக்குக் குறுக்கே விழுந்து எம்சிசிபியை விழத்தட்டுவதும் நம் ஊரில் வேடிக்கைக் கதை இல்லை, சர்வீஸ் ஆள் தினமும் பார்ப்பது. எறும்புக்கும் எலிக்கும் அதே வழிதான்.

கடைசியாக, மின்சாரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. நான்கு ஊழியர் பெட்டியில் காலையில் செருகிய நான்கு பேர் மாலை வரை எடுக்க மாட்டார்கள், ஏறி முடித்த காரோடு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். சார்ஜ் முடிந்து அரை மணிக்குள் எடுக்காவிட்டால் மணிக்கு இவ்வளவு என்று ஆப்பிலேயே வைக்கலாம், அல்லது மதியம் ஒன்றரைக்குக் கட்டாய மாற்றம் என்று செக்யூரிட்டியிடம் பட்டியல் கொடுக்கலாம். இரண்டாவது எளிது, செலவுமில்லை. பட்டியலை வாங்கிக்கொண்டு தினமும் நின்று பார்க்கும் ஆள் யார் என்பதைப் பெட்டி வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.